மேஜையை விட்டு நகராத போன்... அதுதான் அதன் பலம்!

அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குள் ஏதாவது ஒரு தெருவில் நடந்து பாருங்கள். பட்டறைகளின் பெயர்ப்பலகையில் நிறுவனத்தின் பெயருக்குக் கீழே 044 என்று ஆரம்பிக்கும் ஓர் எண் இருக்கும். 2625 என்று தொடங்கும் எண்கள் நிறையவே கண்ணில்படும். பெயின்ட் உதிர்ந்த பலகையிலும் அந்த எண்ணை மட்டும் யாரும் அழித்திருக்க மாட்டார்கள்.

1960-களில் தொடங்கிய தொழிற்பேட்டை இது. அந்தக் காலத்தில் ஒரு டெலிபோன் இணைப்பு கிடைப்பது சாதாரண விஷயம் இல்லை. ‘ஓ.ஒய்.டி’ திட்டத்தில் முன்பணம் கட்டிவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்தவர்கள் உண்டு. அப்படி வாங்கிய எண் லெட்டர்பேட், பில் புத்தகம், வாடிக்கையாளரின் டைரி என எல்லா இடத்திலும் ஏறிவிட்டது. முதலாளி மாறலாம், மேனேஜர் மாறலாம், எண் மாறாது.

‘எல்லோர் கையிலும் மொபைல் இருக்கும்போது மேஜை மேல் எதற்கு ஒரு போன்?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். பதில் இதுதான்: மொபைல் ஆளுக்குச் சொந்தம், மேஜை போன் இடத்துக்குச் சொந்தம். சூப்பர்வைசர் வேலையை விட்டுப் போனால் அவருடைய மொபைல் எண்ணும் கூடவே போய்விடும். மேஜை போனை, அந்த நேரத்தில் அங்கே இருக்கும் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். சார்ஜ் தீராது, பாஸ்வேர்டு கிடையாது, பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகவும் முடியாது.

ஆனால், பல அலுவலகங்களில் அந்த போன் தூசி படிந்து, வயர் முறுக்கிக்கொண்டு, ‘கர்ர்ர்’ என்று இரைகிறது. அதைச் சரியாகப் பொருத்த பத்து நிமிடம் போதும்.

எந்த வயர் எங்கே?

புது போன் பெட்டியில் இரண்டு வயர்கள் இருக்கும். சுருள் சுருளாக இருப்பது ரிசீவருக்கானது. அதன் பிளக் சற்றே சிறியது. ஒரு முனை ரிசீவரிலும் மறுமுனை போனின் பக்கவாட்டிலும் போகும். தட்டையாக, நேராக இருப்பது லைன் வயர். அது போனின் பின்பக்கத்திலிருந்து சுவரில் இருக்கும் ரோசெட் பெட்டிக்குப் போகும். ‘க்ளிக்’ என்று சத்தம் வரும்வரை அழுத்துங்கள். பிளக் பாதி நுழைந்த நிலையில் நிற்பதும் கரகர சத்தத்துக்கு ஒரு காரணம்.

ரிசீவரை எடுத்தால் டயல் டோன் கேட்க வேண்டும். கேட்கவில்லையா? முதலில் லைன் வயரை மாற்றிப் பாருங்கள். அடுத்து, நன்றாக வேலை செய்யும் வேறொரு போனை அதே ரோசெட்டில் செருகிப் பாருங்கள். அதிலும் சத்தம் இல்லை என்றால் கோளாறு லைனில். அதில் சத்தம் வந்தால் கோளாறு உங்கள் போனில். புகார் கொடுப்பதற்கு முன் இதைச் செய்துவிட்டால் ஒருநாள் அலைச்சல் மிச்சம்.

போனின் பக்கவாட்டிலோ அடியிலோ ‘டோன் - பல்ஸ்’ என்று ஒரு சிறு சுவிட்ச் இருக்கலாம். அது டோனில் இருக்க வேண்டும். பல்ஸ் என்பது சுழற்றும் டயல் காலத்து முறை. 5 என்றால் ஐந்து முறை லைனைத் துண்டித்துச் சொல்லும். டோனில் ஒவ்வொரு பட்டனுக்கும் இரண்டு ஒலிகள் சேர்ந்து போகும். ‘தமிழுக்கு 1-ஐ அழுத்தவும்’ என்று கேட்கும் இயந்திரக் குரலுக்கு இந்த டோன் மட்டும்தான் புரியும். எத்தனை முறை அழுத்தியும் அந்தக் குரல் நகரவில்லை என்றால் இந்த சுவிட்சைப் பாருங்கள்.

எழுதும் கைக்கு எதிர்ப்பக்கத்தில் போனை வையுங்கள். வலது கையால் எழுதுபவர் இடது கையால் ரிசீவரை எடுத்தால், வயர் குறுக்கே வராமல் ஆர்டரைக் குறித்துக்கொள்ளலாம். சுருள் வயர் முறுக்கிக்கொண்டால் மேஜை ஓரத்தில் ரிசீவரைத் தொங்கவிடுங்கள். அதுவாகவே சுற்றிச் சுற்றி முறுக்கை அவிழ்த்துக்கொள்ளும்.

எத்தனை பூஜ்யம்?

2021 ஜனவரி 15 முதல், லேண்ட்லைனிலிருந்து மொபைலுக்குப் பேச முன்னால் ஒரு பூஜ்யம் சேர்க்க வேண்டும். இதை மறந்துவிட்டு ‘லைன் போகலை’ என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

இன்டர்காம் உள்ள அலுவலகத்தில் குழப்பம் இரட்டிப்பு. வெளி லைன் பிடிக்கவே சில இடங்களில் 0, சில இடங்களில் 9 அழுத்த வேண்டும். வெளி லைனுக்கு 0 என்றால், மொபைலுக்குப் பேச இரண்டு பூஜ்யம் தேவை. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவருக்கு இதை யாராவது சொல்லிக்கொடுத்தால்தான் தெரியும்.

வந்த அழைப்பை வேறு அறைக்கு மாற்ற, பெரும்பாலான இன்டர்காம்களில் ‘ஃப்ளாஷ்’ பட்டனை ஒருமுறை அழுத்திவிட்டு அந்த அறையின் எண்ணைப் போட வேண்டும். அந்தப் பக்கம் எடுத்ததும் யார் பேசுகிறார் என்று ஒரு வரி சொல்லிவிட்டு, பிறகு ரிசீவரை வையுங்கள். ‘யாரு... என்ன விஷயம்?’ என்று வாடிக்கையாளர் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டிய அவசியம் இருக்காது.

கரன்ட் போனால்?

முக்கியமான விஷயத்துக்கு வருவோம்.

பழைய செம்புக் கம்பி இணைப்பில், போனுக்கான மின்சாரம் எக்சேஞ்சிலிருந்து அதே கம்பி வழியாக வந்துவிடும். அங்கே 48 வோல்ட் பேட்டரிகள் இருக்கும். அதனால்தான் தெருவே இருட்டில் கிடந்தாலும் வீட்டு போன் மட்டும் மணியடித்தது. கேபிளில் தண்ணீர் இறங்கினால் அதுவும் ஊமையாகிவிடும் என்பது வேறு கதை.

இப்போது செம்புக் கம்பி போய், கண்ணாடி இழையான ஃபைபர் வந்துகொண்டிருக்கிறது. ஃபைபரில் ஒளிதான் வரும், மின்சாரம் வராது. போனுக்கு வேண்டிய மின்சாரத்தைச் சுவரோரம் இருக்கும் மோடம்தான் தர வேண்டும். கரன்ட் போனால் மோடம் அணையும். கூடவே போனும் அணையும். அதே போன், அதே எண், அதே மேஜை. ஆனால், பல வருடங்களாக நம்பியிருந்த ஒரு குணம் மட்டும் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குள் வெள்ளம் புகுந்தது. பட்டறைகளில் இயந்திரங்கள் தண்ணீரில் நின்றன. கரன்ட் இல்லை, மொபைல் சிக்னலும் பல இடங்களில் தடுமாறியது. போன் மிகவும் தேவைப்படுவது இப்படிப்பட்ட நாளில்தான்.

வழி எளிது. மோடத்தின் அடாப்டரில் வோல்ட், ஆம்பியர் அளவு அச்சிட்டிருக்கும். பெரும்பாலும் 12 வோல்ட். அதற்குப் பொருந்தும் மினி யு.பி.எஸ் ஒன்றை வாங்கி மாட்டுங்கள், அல்லது இன்வெர்ட்டர் லைனில் மோடத்தைச் சேருங்கள். மோடத்தைத் தரையில் வைக்காமல் ஆள் உயரத்தில் சுவரில் பொருத்துங்கள். கார்ட்லெஸ் போன் என்றால் அதன் அடித்தளத்துக்கும் தனியாக கரன்ட் வேண்டும். வயருள்ள சாதாரண போனுக்கு மோடம் உயிரோடு இருந்தால் போதும். வெளியே கம்பெனியின் கருவிகளுக்குக் கரன்ட் இல்லையென்றால் லைன் வராதுதான். நம் பக்கம் சரியாக இருந்தால் பாதிக் கவலை குறையும்.

இன்னொரு கவனம்: போன் வயரை மோடத்தில் ‘போன்’ அல்லது ‘டெல்’ என்று எழுதியிருக்கும் துளையில்தான் செருக வேண்டும். பக்கத்தில் இருக்கும் இன்டர்நெட் துளையிலும் அது நுழைந்துவிடும், ஆனால் வேலை செய்யாது. ஃபைபருக்கு மாறும் முன், பழைய எண்ணையே தருவார்களா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பெயர்ப்பலகையில் இருக்கும் எண் ஒருமுறை கைவிட்டுப் போனால் திரும்பக் கிடைப்பது கஷ்டம்.

போனுக்குப் பக்கத்தில் ஒரு சீட்டு

ராத்திரி ஷிஃப்ட். ஒருவருக்குக் கையில் அடிபட்டுவிட்டது. முதலாளி வீட்டில் இருக்கிறார். போனை எடுப்பவர் ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்து ஒரு வாரம்தான் ஆகியிருக்கும். 108-ஐ அழுத்திவிடுவார். ‘எங்கே இருக்கீங்க?’ என்று கேட்டால்?

அதனால் போனுக்கு மேலே சுவரில் ஒரு சீட்டு ஒட்டுங்கள். நிறுவனத்தின் பெயர், கதவு எண், தெரு, பக்கத்து அடையாளம், இந்த போனின் எண், முதலாளியின் எண், 108, 112. வெளி லைனுக்கு என்ன அழுத்த வேண்டும் என்பதையும் எழுதுங்கள். தமிழோடு இந்தியிலும் இருக்கட்டும்.

ஆவடியிலோ பூந்தமல்லியிலோ வயதான அப்பா அம்மா தனியாக இருக்கும் வீட்டுக்கும் இதே சீட்டு தேவை. அவர்களுக்குப் பெரிய பட்டன் உள்ள போனாக வாங்குங்கள். பட்டன்களின் நடுவில் 5-ன் மேல் ஒரு சிறு புள்ளி புடைத்திருக்கும். கண்ணாடி கைக்குக் கிடைக்காவிட்டாலும் அதைத் தடவி மற்ற எண்களைக் கண்டுபிடிக்கலாம். மணிச் சத்தத்தை ‘ஹை’யில் வையுங்கள். ரிசீவரைச் சரியாக வைக்கப் பழக்குங்கள். அது சாய்ந்து கிடந்தால் நாள் முழுக்க ‘எங்கேஜ்டு’தான். வெளியூரில் இருக்கும் பிள்ளைக்குப் பதற்றம்தான் மிஞ்சும்.

அடுத்த மழைக்கு முன் ஒரு சின்ன சோதனை செய்யுங்கள். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு ரிசீவரை எடுத்துக் காதில் வையுங்கள். டயல் டோன் கேட்டால் நிம்மதி. கேட்கவில்லையென்றால் அதைச் சரிசெய்ய இன்னும் நேரம் இருக்கிறது.