காமாலை ஒன்றல்ல, ஐந்து!



எங்கள் தொண்டூர்ப் பக்கம் யாருக்காவது கண் மஞ்சளானால் உடனே சொல்வது மூன்று: கீழாநெல்லி அரைச்சுக் குடி, எண்ணெய் சேர்க்காதே, போய் மந்திரிச்சுக்கோ. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பாலிடெக்னிக் படியேறியவன் நான். அதனால், "நீதான் படிக்கிற பையனாச்சே, இது சரியா சொல்லு" என்று என்னிடமும் கேட்கிறார்கள். சிவில் படிப்பவனுக்கும் காமாலைக்கும் என்ன சம்பந்தம் என்று நினைக்காதீர்கள். காமாலை வரும் வழிகளில் ஒன்று, நாம் பாடமாகப் படிக்கிற குடிநீர்க் குழாய்தான்!

காமாலை என்பது நோயல்ல, நோயின் அடையாளம். கல்லீரல் கெட்டால், பித்தநீரோடு போக வேண்டிய பிலிருபின் என்ற மஞ்சள் பொருள் ரத்தத்தில் தங்கிவிடுகிறது. அதுதான் கண்ணிலும் சிறுநீரிலும் தெரிகிறது. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் வைரஸ்கள் ஐந்து: ஏ, பி, சி, டி, இ. ஆனால் அவை வரும் பாதை இரண்டுதான்.

முதல் பாதை: வாய்

ஏ, இ இரண்டும் நோயாளியின் மலத்தில் வெளியேறி, தண்ணீர், உணவு வழியாக அடுத்தவர் வாய்க்குப் போகின்றன. 1955 கடைசியில் டெல்லியில் யமுனை ஆறு போக்கு மாறியதால், குடிநீர் எடுக்கும் வசிராபாத் நிலையத்துக்கே சாக்கடை நீர் ஏறி வந்துவிட்டது. குளோரினைக் கூட்டிப் போட்டார்கள். டைபாய்டு பெருகவில்லை. ஆனால் சுமார் 29,000 பேருக்குக் காமாலை வந்தது! கர்ப்பிணிகளுக்குத்தான் ஆபத்து மிக அதிகமாக இருந்தது. சேமித்து வைத்த ரத்தத்தைப் பல ஆண்டு கழித்துச் சோதித்தபோதுதான், இது 'ஏ' அல்ல, 'இ' வகை என்று புரிந்தது.

நம்ம ஊர்க் குழாயிலும் இது நடக்கலாம். தண்ணீர் விடும்போது குழாயில் அழுத்தம் இருக்கும். நிறுத்தியதும் அழுத்தம் போய்விடும். குழாயில் விரிசல் இருந்து, பக்கத்தில் சாக்கடையும் ஓடினால், அந்த நீர் உள்ளே இழுக்கப்படும். மறுநாள் குடத்தில் முதலில் விழுவது அதுதான்!

இரண்டாம் பாதை: ரத்தம்

பி, சி, டி மூன்றும் ரத்தம் வழியாகவும், பி முக்கியமாகத் தாயிடமிருந்து பிள்ளைக்கும், உடலுறவு மூலமும் பரவும். பி இருந்தால்தான் டி வரும். 2009ல் குஜராத் மாநிலம் மோடாசாவில், ஒருவருக்குப் போட்ட ஊசியையே மற்றவருக்கும் போட்டதால் பி பரவிப் பல உயிர்கள் போயின. முடி திருத்தும் கடையில் மாற்றாத பிளேடு, திருவிழாவில் பச்சை குத்தும் ஊசி இவையும் இதே பாதைதான். ஆனால் கை குலுக்கினாலோ, சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டாலோ பி, சி ஒட்டாது. அப்படிப்பட்டவரைத் தனித்தட்டு வைத்து ஒதுக்குவது பாவம்!

கீழாநெல்லி கேட்குமா?

ஏ, இ இரண்டும் பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே தணியும். அதனால் பேர் கீழாநெல்லிக்குப் போய்விடுகிறது. 1988ல் சென்னை ஆராய்ச்சியாளர்கள் பி வகைக்குக் கீழாநெல்லியில் பலன் கண்டதாக லான்செட் இதழில் எழுதினார்கள். பிறகு வேறு இடங்களில் நடந்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. பி, சி உள்ளவருக்கோ கண் மஞ்சளாகாமலே பல வருஷம் ஓடி, கல்லீரல் சுருங்கி, புற்றுநோய் வரைக்கும் போகலாம். எந்த வகை என்று இலைக்குத் தெரியாது. ரத்தப் பரிசோதனைக்குத்தான் தெரியும்.

என்ன செய்யணும்?

• தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவிட்டுக் குடியுங்கள். ருசி போகும்தான், உயிர் போகாது.
• கழிப்பறை போய் வந்ததும், சாப்பிடும் முன்னும் சோப்பால் கை கழுவுங்கள்.
• ஊசி, பிளேடு புதுசா என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.
• பிறந்த குழந்தைக்கு 24 மணி நேரத்துக்குள் பி தடுப்பூசி, பிறகு 6, 10, 14 வாரங்களில் பென்டாவேலன்ட் போடுங்கள். அரசில் இலவசம்.
• கர்ப்பிணிக்குக் கண் மஞ்சளானால் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள். நேராக ஆஸ்பத்திரிதான்.
• சி வகைக்குத் தடுப்பூசி இல்லை. ஆனால் பெரும்பாலும் 12 வார மாத்திரையில் குணமாகிவிடும். 2018ல் தொடங்கிய தேசிய திட்டத்தில் பி, சி இரண்டுக்கும் சிகிச்சை இலவசம்.

நண்பர்களே! நாளை குழாய் பதிக்கப் போவதும், சாக்கடைக்கு மட்டம் பார்க்கப் போவதும் நாம்தான். குடிநீர்க் குழாயைச் சாக்கடைக்கு மேலே, தள்ளிப் பதிக்க வேண்டும் என்பது பரீட்சைக்கு மட்டும் எழுதுகிற பதில் அல்ல. அது ஒரு கர்ப்பிணிப் பெண்ணின் உயிர்!

குழாயைக் காப்போம்! கல்லீரலைக் காப்போம்!