டிப் பண்ணினா அணையணும்: ஒரு ரெப்ளிகா மினிக்கு லைட் மாட்டின கதை

கார் முன்னாடி எக்ஸ்ட்ரா லைட் மாட்டுறதைப் பத்திப் பேசச் சொல்லி ரொம்ப நாளா கேட்டுட்டு இருந்தீங்க. இன்னைக்கு அதுதான். ஆனா நான் பண்ணின ஒரு தப்புல இருந்துதான் ஆரம்பிக்கணும்.

கொஞ்ச வருஷம் முன்னாடி இங்கிலாந்துல, கவென்ட்ரியில வேலை பார்த்தேன். கூட வேலை பார்த்த நண்பர்கிட்ட 1968 மாடல் மினி ஒண்ணு இருந்தது. சாதாரண 850. அதை அவர் அந்தக் காலத்து மான்டி கார்லோ ராலி மினி மாதிரியே மாத்திட்டு இருந்தார். சிவப்பு உடம்பு, வெள்ளைக் கூரை, கதவுல நம்பர், கிரில்லுக்கு முன்னாடி ஒரு கம்பி, அந்தக் கம்பியில வரிசையா நாலு லைட். நான் எலக்ட்ரிகல் படிச்சவன் என்பதால லைட் வேலை என் தலையில விழுந்தது.

நான் ரொம்ப சுலபமா முடிச்சேன். பேட்டரி கரண்ட்ல இருந்து ஒரு வயர், டேஷ்போர்டுல ஒரு ஸ்விட்ச், அங்கிருந்து நேரா லைட்டுக்கு. போட்டதும் பளிச்சுன்னு எரிஞ்சது. கை தட்டினோம்.

அன்னைக்கு ராத்திரியே ஊருக்கு வெளியே கிளம்பினோம். ரெண்டு பக்கமும் புதர்வேலி, நடுவுல ஒரே ஒரு கார் போற அளவுக்கு ரோடு. எதிர்ல ஒரு பைக் வந்தது. நண்பர் உடனே டிப் பண்ணினார். ஹெட்லைட் இறங்கியது. கம்பியில இருந்த டிரைவிங் லைட் ரெண்டும் அப்படியே முழு வெளிச்சத்துல எரிஞ்சுட்டே இருந்தது. அதோட ஸ்விட்ச் எங்கே இருக்குன்னு இருட்டுல அவர் தடவித் தேடுறதுக்குள்ள, அந்த பைக்காரர் ஒரு கையால கண்ணை மறைச்சுக்கிட்டே வேலியோரமா போய் நின்னுட்டார். நல்லவேளை, விழலை. இறங்கிப் போய் மன்னிப்பு கேட்டோம். அவர் திட்டவே இல்லை. "எனக்கு ரோடே தெரியலை" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தாக்கூட பரவாயில்லைன்னு இருந்தது.

அதே மினி, அதே பிரச்சினை

இதுல ஒரு வேடிக்கை இருக்கு. நாங்க எந்த காரைக் காப்பி அடிச்சோமோ, அதே மினி லைட் விஷயத்துலதான் ஒரு பெரிய போட்டியையே இழந்தது.

1964ல் பேடி ஹாப்கிர்க் மினி கூப்பர் எஸ் ஓட்டி மான்டி கார்லோ ராலியை ஜெயிச்சார். அடுத்த வருஷம் டிமோ மேக்கினன் ஜெயிச்சார். 1966ல் முதல் மூணு இடத்துக்கும் மினிதான் வந்தது. ஆனா மூணையும் தகுதிநீக்கம் செய்தாங்க. காரணம் ஹெட்லைட் பல்பு. கடையில வாங்குற மினியில ஒரே பல்புக்குள்ள ரெண்டு இழை இருக்கும், ஒண்ணு ஹை பீமுக்கு, ஒண்ணு டிப்புக்கு. போட்டிக்கு வந்த மினியில இருந்தது ஒரே இழை கொண்ட குவார்ட்ஸ் அயோடின் பல்பு. வெளிச்சம் அதிகம், ஆனா அந்த பல்பால டிப் ஆக முடியாது. நாலாவதா வந்த ரோஜர் கிளார்க்கோட ஃபோர்டு கார்ட்டினாவும் வெளியே போச்சு. சிட்ரோயன் ஓட்டின பாலி டொய்வோனன் வெற்றியாளர் ஆனார். அது நியாயமான தீர்ப்பான்னு ராலி ரசிகர்கள் இன்னைக்கும் சண்டை போடுவாங்க. அடுத்த வருஷமே, 1967ல், ரானோ ஆல்டோனன் மினியிலேயே வந்து கோப்பையைத் திரும்ப வாங்கினார்.

ரெப்ளிகா செய்யுறவங்க அந்தக் காரோட தோற்றத்தைத்தான் போட்டோ பார்த்துக் காப்பி அடிக்கிறாங்க. பின்னாடி இருக்கிற வயர் போட்டோவுல தெரியாது. நானும் அங்கேதான் கோட்டை விட்டேன்.

ஃபாக் வேற, டிரைவிங் வேற

பார்க்க ரெண்டும் ஒரே மாதிரி வட்டமா இருக்கும். வேலை நேர் எதிர். டிரைவிங் லைட்டோட வெளிச்சம் ஒடுக்கமா, ரொம்ப தூரம் போகும். ஹை பீமுக்குத் துணை அது. ஃபாக் லைட்டோட வெளிச்சம் அகலமா, தட்டையா, கிட்டத்துல விழும். மேல் விளிம்பு கத்தியால வெட்டின மாதிரி நிக்கும்.

ஏன் அப்படி? மூடுபனி என்பது காத்துல மிதக்கிற நீர்த்துளிகள். அதுல ஹை பீம் போட்டா வெளிச்சம் துளிகள்ல பட்டுத் திரும்பி நம்ம கண்ணுக்கே வரும். முன்னாடி வெள்ளைச் சுவர் எழுப்பின மாதிரி ஆயிடும். ஃபாக் லைட் கண்மட்டத்துக்கு ரொம்பக் கீழே இருந்து ரோட்டையும் ரோட்டோரக் கோட்டையும் மட்டும் காட்டுது. அதனால கம்பியில இடம் பிரிக்கும்போது ஃபாக் லைட்டை முடிஞ்சவரை கீழே வைங்க.

"மஞ்சள் வெளிச்சம் மூடுபனியைத் துளைச்சுட்டுப் போகும்" என்பாங்க. பனித்துளிகள் வெளிச்சத்தோட அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெருசு. அதனால எந்த நிறமா இருந்தாலும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் சிதறும். மஞ்சள் சிலருக்குக் கண்ணுக்கு இதமா இருக்கலாம், பழைய ராலி காருக்கு அழகாவும் இருக்கும். ஆனா வேலை செய்யுறது வெளிச்சத்தோட வடிவம்தான்.

இன்னொண்ணு, சும்மா ஸ்டைலுக்காக ஃபாக் லைட் போட்டுட்டுப் போகக் கூடாது. பிரிட்டிஷ் ஹைவே கோடு சொல்றது: பார்வை 100 மீட்டருக்குக் கீழே போனாத்தான் போடணும். தெளிவானதும் அணைச்சிடணும்.

வாங்குறதுக்கு முன்னாடி ஒரு கணக்கு

55 வாட் பல்பு, 12 வோல்ட். வகுத்தா சுமார் 4.6 ஆம்பியர். ஒரு ஜோடிக்கு 9. நாலுக்கும் 18. ஹை பீம் ஹெட்லைட் ரெண்டும் 60 வாட்டுன்னா அதுக்கு ஒரு 10.

அந்தக் கால மினியில இருக்கிறது டைனமோ. முழு வேகத்துல சுத்தினாலே 22 ஆம்பியர்தான் கொடுக்கும். இக்னிஷன், வைப்பர், ஹீட்டர் எல்லாம் இதுக்குள்ளயே ஓடணும். ஹை பீமும் ஒரு ஜோடி டிரைவிங் லைட்டும் போட்டாலே டைனமோவுக்கு மூச்சு முட்டும். மிச்சத்தைப் பேட்டரி கொடுக்கும், அது எவ்வளவு நேரம்? அதனால முதல்ல ஆல்டர்னேட்டர், அப்புறம்தான் லைட்.

எல்இடி போட்டா கரண்ட் மிச்சம்தானேன்னு கேட்பீங்க. சரிதான். ஆனா அந்தக் கால மினிகள்ல பேட்டரியோட பாசிட்டிவ் முனைதான் பாடியில இருக்கும். சாதாரண பல்புக்கு அது பிரச்சினையே இல்லை. எல்இடியைத் திருப்பி மாட்டினா எரியாது, கெட்டும் போகலாம். முதல்ல உங்க வண்டி எந்த வகைன்னு பாருங்க.

ரிலே

நம்ம ஊர்ல கிணத்து மோட்டார் போடுறப்போ பச்சைப் பட்டனைத் தட்டுறோம் இல்லையா? மோட்டாரோட கரண்ட் அந்தப் பட்டன் வழியா போறதில்லை. ஸ்டார்ட்டர் பெட்டிக்குள்ள ஒரு காயில் இழுத்து, பெரிய கரண்ட்டுக்குக் கதவைத் திறக்குது. ரிலேவும் அதேதான், கையடக்கமா.

அதுல நாலு கால் இருக்கும். 30ம் நம்பர் காலுக்கு பேட்டரி கரண்ட் வரணும். மினியில பேட்டரி டிக்கியில இருக்கு, ஆனா அதோட தடிமனான கேபிள் முன்னாடி ஸ்டார்ட்டர் சொலினாய்டுக்கு வருது. அங்கிருந்து எடுங்க. எடுத்த இடத்துக்கு ரொம்பப் பக்கத்துலயே ஒரு 15 ஆம்பியர் ஃபியூஸ். 87ல இருந்து டிரைவிங் லைட் ஜோடிக்கு, 2 சதுர மில்லிமீட்டர் வயர். மெல்லிசா போட்டா வயர் சூடாகும், வெளிச்சமும் போகும். வோல்ட்டேஜ் பத்து சதவீதம் குறைஞ்சா வெளிச்சம் சுமார் முப்பது சதவீதம் குறையும்.

இப்போ முக்கியமான இடம். 86ஐ ஹெட்லைட்டோட ஹை பீம் வயர்ல சேர்க்கணும். பழைய பிரிட்டிஷ் கார்கள்ல அது நீலத்துல வெள்ளைக் கோடு. 85 டேஷ்போர்டு ஸ்விட்ச் வழியா எர்த்துக்குப் போகணும். டிப் பண்ணின நொடியே அந்த நீல வெள்ளை வயர்ல கரண்ட் நிக்கும், ரிலே விடும், டிரைவிங் லைட் தானா அணையும். ஓட்டுறவர் எதையும் ஞாபகம் வெச்சுக்க வேண்டாம். ஃபாக் லைட்டுக்குத் தனி ரிலே, தனி ஃபியூஸ். அதோட 86ஐ பார்க் லைட்டோட சிவப்பு வயர்ல சேர்க்கலாம். அம்பது வருஷத்துல யார் யாரோ கை வெச்சிருப்பாங்க, அதனால நிறத்தை மட்டும் நம்பாம டெஸ்ட் லேம்ப் வெச்சுப் பாருங்க.

எர்த்தையும் மறக்காதீங்க. பெயின்ட் மேல போல்ட் போட்டா எர்த் கிடைக்காது, சுரண்டிட்டுப் போடணும். கோப்ரா, ஸ்பீட்ஸ்டர் மாதிரி ஃபைபர் பாடி ரெப்ளிகாவா இருந்தா பாடி வழியா எர்த்தே கிடையாது. ஒவ்வொரு லைட்டுக்கும் சேஸிஸ் வரைக்கும் தனி வயர் வேணும்.

கடைசியா ஒரு சுவர். அதுல இருந்து ஏழரை மீட்டர் தள்ளி, சமதளத்துல காரை நிறுத்துங்க. ஃபாக் லைட்டோட மேல் விளிம்பு, லைட்டோட நடுமட்டத்துக்கு 10 சென்டிமீட்டர் கீழே விழணும்.

நாங்க எல்லாத்தையும் பிரிச்சு, ரெண்டு வார இறுதி உட்கார்ந்து திரும்ப வயர் பண்ணினோம். அதே ரோட்டுக்கு அதே நேரத்துல போனோம். எதிர்ல ஒரு கார். நண்பர் டிப் பண்ணினார். பானட்டுக்குள்ள டிக்னு ஒரு சத்தம். முன்னாடி பாதி ரோடு இருட்டாச்சு. எதிர்ல வந்தவர் வேகம்கூடக் குறைக்காம எங்களைத் தாண்டிப் போனார்.

எக்ஸ்ட்ரா லைட் மாட்டின வண்டி உங்ககிட்ட இருந்தா, இன்னைக்கு ராத்திரி ஒரு சுவர் முன்னாடி நிறுத்தி எல்லாத்தையும் போட்டுட்டு டிப் பண்ணிப் பாருங்க. எது அணையலையோ, அதுல இருந்து வேலையை ஆரம்பிங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.