எச்.ஐ.வி நொதிகளின் முதிர்வு

எச்.ஐ.வி நொதிகளின் முதிர்வு என்பது, எய்ட்சு நோயை உண்டாக்கும் ரெட்ரோவைரசின் நொதிகள் ஒரே நீண்ட புரதச் சங்கிலியிலிருந்து வெட்டப்பட்டுச் செயல்திறன் பெறும் நிகழ்வாகும். புதிய வைரசுத் துகள் மனித உயிரணுவிலிருந்து வெளிப்படும் வேளையில் இது நடைபெறுகிறது. முதிராத துகளால் மற்றோர் உயிரணுவைத் தொற்ற இயலாது. இந்தியாவில் இத்தொற்று முதன்முதலில் 1986 ஆம் ஆண்டு சென்னையில், சுனிதி சாலமன், அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலா ஆகியோரின் ஆய்வில் கண்டறியப்பட்டது.

முன்னோடிச் சங்கிலி

புரோட்டியேசு, ரிவர்சு டிரான்சுகிரிப்டேசு, இன்டகிரேசு ஆகிய மூன்றும் இவ்வைரசின் நொதிகள். இவை தனித்தனியே உருவாவதில்லை; 'காக்' எனும் கட்டமைப்புப் புரதத்துடன் இணைந்து 'காக்-போல்' என்ற ஒரே சங்கிலியாகவே உருவாகின்றன. ரைபோசோம் வைரசின் ஆர்.என்.ஏ.வைப் படிக்கும்போது, ஏறத்தாழ இருபதில் ஒரு முறை ஓரெழுத்து பின்னோக்கி வழுக்குகிறது. அப்போது மட்டுமே காக்-போல் கிடைக்கும். மற்ற வேளைகளில் காக் மட்டும் உருவாகும். இது பிழையெனத் தோன்றினாலும், கட்டுமானப் புரதம் மிகுதியாகவும் நொதிகள் குறைவாகவும் அமைவது இதனால்தான்.

வெட்டுதல்

சங்கிலியை வெட்ட வேண்டிய புரோட்டியேசும் அச்சங்கிலிக்குள்ளேயே அடங்கியுள்ளது. பெட்டியின் சாவியை அப்பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டியது போன்றது இது. 99 அமினோ அமிலங்கள் கொண்ட புரோட்டியேசு தனித்துச் செயல்படாது. இரண்டு இணைந்து, ஒவ்வொன்றும் தன் 25 ஆவது இடத்திலுள்ள அசுபார்ட்டிக் அமிலத்தை அளித்தால்தான் வெட்டும் மையம் உருவாகும். உயிரணுச் சவ்வினருகே சங்கிலிகள் நெருக்கமாகத் திரளும்போது இவ்விணைவு எளிதாகிறது. தொடக்கத்தில் இணைப்பு தளர்வானது, திறனும் குறைவு. ஆயினும் தன் சங்கிலியைத் தானே வெட்ட அது போதும். புரோட்டியேசின் முன்முனை விடுபட்டதும் இணைப்பு உறுதிப்பட்டு, வெட்டும் திறன் பன்மடங்காகிறது.

அதன்பின் எஞ்சியவை பிரிகின்றன. ரிவர்சு டிரான்சுகிரிப்டேசின் இரு அலகுகளில் ஒன்று 560 அமினோ அமிலங்களுடன் முழுமையாக நிற்க, மற்றது வால்பகுதியை இழந்து 440 ஆகக் குறைகிறது. 288 அமினோ அமிலங்கள் கொண்ட இன்டகிரேசும் விடுபடுகிறது. காக் துண்டுகள் கூம்பு வடிவ உறையாக அடுக்கப்படுகின்றன. வெட்டுதல் காலத்திற்கு முன்பே தொடங்கினால் துகள் உருவாவதே தடைப்படும்.

மருத்துவப் பயன்

மேற்கூறிய அசுபார்ட்டிக் அமிலத்தை மாற்றினால் துகள்கள் தொற்றும் திறனை இழப்பது 1988 இல் காட்டப்பட்டது. முதல் புரோட்டியேசுத் தடுப்பியான சக்குவினாவிர் 1995 இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. இத்தடுப்பிகள் துகள்கள் வெளியேறுவதைத் தடுப்பதில்லை, முதிராதவையாகவே விட்டுவிடுகின்றன.

இந்திய அரசின் இலவச மருந்துத் திட்டம் 2004 இல் தொடங்கியது. முதல்நிலை மருந்துகள் பயனளிக்காதோருக்கு, புரோட்டியேசுத் தடுப்பி அடங்கிய இரண்டாம்நிலை மருந்துகள் 2008 இல் முதலில் தாம்பரத்திலும் மும்பையிலும் வழங்கப்பட்டன. மருந்தை எதிர்க்கும் வைரசுகளில் புரோட்டியேசு மட்டுமன்றி, காக் சங்கிலியில் அது வெட்டும் இடங்களும் மாறியிருப்பது கண்டறியப்பட்டுள்ளது.