காளானுக்கு உறவு யார்?

சென்ற மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. திருப்பலி முடிந்து நான் கோவிலை விட்டு வெளியே வந்தபோது, ஆறாம் வகுப்பில் படிக்கும் சிறுவன் ஒருவன் கையில் ஒரு காளானுடன் நின்றிருந்தான். “சாமி, இது செடியா, பிராணியா?” என்று வினவினான். “செடிதான்; தாவர இனத்தில் தாழ்ந்த வகை” என்று சற்றும் தயங்காமல் விடையளித்தேன். என் இளமையில் பள்ளியில் கற்றது அதுவே. அன்று மாலை ஒரு நூலைப் புரட்டிய பின்னரே, அச்சிறுவனுக்குத் தவறான விடை கூறிவிட்டேன் என்பதை உணர்ந்தேன்.

என் தவறு பழைமையானது. சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ், 1735-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் உயிரினங்களைத் தாவரம், விலங்கு என்று இரண்டாகப் பகுத்தார். நின்ற இடத்திலேயே முளைக்கும் காளான் தாவரங்களோடு சேர்க்கப்பட்டது. 1969-இல் அமெரிக்க அறிஞர் விட்டேக்கர் உயிர்களை ஐந்து உலகங்களாகப் பிரித்தபோது, காளான்களுக்குத் தனி உலகம் வகுத்தார். பின்னர் 1990-களில் மரபணுக்களை ஒப்பிட்டு நோக்கிய ஆய்வாளர்கள் ஒரு வியப்பைக் கண்டனர். காளான் செடிகளைவிட விலங்குகளுக்கே நெருங்கிய உறவு! அதன் உயிரணுச் சுவர், இறால், நண்டு ஆகியவற்றின் ஓட்டிலுள்ள கைட்டின் என்னும் பொருளால் ஆனது. செடிகளைப் போல் மாவுப்பொருளைச் சேமியாமல், நமது ஈரலைப் போல் கிளைக்கோஜனைச் சேமிக்கிறது.

வெளித்தோற்றத்தை விடுத்து உள்ளமைப்பை நோக்கும் அறிவு நம் முன்னோருக்கும் இருந்தது. தொல்காப்பியம் வெளிப்புறத்தில் வயிரம் உடையவற்றைப் புல் என்றும், உள்ளே வயிரம் உடையவற்றை மரம் என்றும் பிரிக்கிறது. அவ்வகையில் விண்ணளாவ நிற்கும் பனையும் தென்னையும் புல்லே! இக்காலத் தாவரவியலும் பனை, தென்னை, மூங்கில், நெல் ஆகிய அனைத்தையும் ஒருவித்திலைத் தாவரங்கள் என்னும் ஒரே குடும்பக் கிளையில்தான் வைக்கிறது.

அப்படியாயின் பச்சைத் தாவரங்களின் உண்மையான மூதாதை யார்? செடி, விலங்கு, காளான் ஆகிய மூன்றும் உட்கரு உடைய உயிரணுக்களால் ஆனவை. நூறு கோடி ஆண்டுகளுக்கும் முன்னர் அத்தகைய உயிரணு ஒன்று, சூரிய ஒளியில் உணவு சமைக்கும் நீலப்பச்சைப் பாக்டீரியா ஒன்றைத் தன்னுள் ஏற்றது. அதனைச் செரித்துவிடாமல் தன்னோடு வாழவிட்டது. அவ்விருந்தாளியே இன்று ஒவ்வோர் இலையிலும் உள்ள பசுங்கணிகம். இக்கருத்தை 1967-இல் விரிவாக எடுத்துரைத்த லின் மார்குலிஸ் அம்மையாரின் கட்டுரையைப் பல ஆய்விதழ்கள் திருப்பி அனுப்பின. ஆனால் பசுங்கணிகத்துக்குத் தனி மரபுப்பொருள் உண்டு என்பதும், அது தானே இரண்டாகப் பிரிந்து பெருகுகிறது என்பதும் அவர் கூற்றுக்கு அரணாயின.

இவ்வழியில் தோன்றிய பச்சைப்பாசிகளின் ஒரு கிளை, ஏறத்தாழ 47 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் நன்னீரிலிருந்து கரையேறியது. மாசிகள், பெரணிகள், விதைத் தாவரங்கள், பூக்கும் செடிகள் அனைத்தும் அதன் வழித்தோன்றல்களே. பள்ளி மாணவர்கள் நுண்பெருக்கியில் காணும் ஸ்பைரோகைரா என்னும் குளத்துப் பாசி, நம் வேப்பமரத்துக்குத் தூரத்து உறவு.

“இவ்வளவு நுணுக்கமாகப் பிரித்து ஆவது என்ன?” என்று சிலர் கேட்கலாம். அயர்லாந்து நாட்டின் வரலாறு விடை பகரும். அங்கு 1845-இல் உருளைக்கிழங்குப் பயிர் கருகி அழுகத் தொடங்கியது. ஏழைகளுக்கு அதுவே முழு உணவு. தொடர்ந்து வந்த பஞ்சத்தில் ஏறத்தாழ பத்து லட்சம் மக்கள் மாண்டனர். மேலும் பத்து லட்சத்துக்கு மேற்பட்டோர் நாட்டை விட்டு வெளியேறினர். ஈரக்காற்றால் கிழங்கு அழுகியது என்றும், அழுகலின் விளைவே பூசணம் என்றும் பலர் கருதினர். ஆங்கிலிக்கன் சபைப் போதகரும் காளானியல் அறிஞருமான பெர்க்லி, பூசணமே நோய்க்குக் காரணம் என்று 1846-இல் வாதாடினார். அவர் கூறியதே சரியாயிற்று.

எனினும் அந்நோய்க்கிருமி பார்வைக்கே பூசணம். உண்மையில் காளான் இனமன்று. பாம்பன், மண்டபம் கடற்பகுதிகளில் வளரும் சர்காசம் போன்ற பழுப்புப் பாசிகளுக்கே அது உறவு! அதன் சுவரில் மிகுந்திருப்பது கைட்டின் அன்று, செல்லுலோஸ். பூஞ்சைக்கொல்லி மருந்துகளுள் சில, பூஞ்சைகளுக்கே உரிய வேதிவினைகளைத் தடுத்து அவற்றைக் கொல்பவை. அவ்வினைகள் இக்கிருமியிடம் இன்மையால் அம்மருந்துகள் இதனிடம் பலிப்பதில்லை. நீலகிரியில் இன்றும் உருளைக்கிழங்கைத் தாக்கும் பின்பருவக் கருகல் நோய் இதுவே. உறவு தெரியாமல் மருந்து தெளித்தால் உழவனின் பணமும் பயிரும் வீண்.

பரிணாமம் என்றதும் நம் பெற்றோருள் சிலர் அஞ்சுகின்றனர். அஞ்ச வேண்டுவதில்லை. மனித உடலின் தோற்றத்தைப் பற்றி இவ்வகையில் ஆராய்வதைத் திருச்சபை தடை செய்யவில்லை என்று திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1950-இலேயே எழுதினார். பரிணாமக் கொள்கை வெறும் ஊகம் என்னும் நிலையைக் கடந்துவிட்டது என்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1996-இல் குறிப்பிட்டார். படைப்பின் வரலாறு நீண்டது என்று அறிவதால் படைத்தவரின் மாட்சி குறைவதில்லை.

அடுத்த ஞாயிறன்று அச்சிறுவனைத் தேடி அழைத்து, “தம்பி, சென்ற வாரம் நான் சொன்னது தவறு. காளான் செடியும் அன்று, பிராணியும் அன்று, ஆனால் நமக்குத்தான் நெருங்கிய உறவு” என்றேன். அவன் சிறிது சிந்தித்துவிட்டு, “அப்படியென்றால் நேற்று எங்கள் அம்மா நம் சொந்தக்காரரையா குழம்பு வைத்தார்கள்?” என்று கேட்டான். சுற்றி நின்றவர்கள் சிரித்தனர்.

பெற்றோரே, பிள்ளைகள் இத்தகைய கேள்விகளைக் கேட்கும்போது வாயடைத்து விடாதீர்கள். தெரியாவிடில் அவர்களோடு சேர்ந்து தேடுங்கள். தவறாகச் சொல்லிவிட்டால், அதனை அவர்களிடமே ஒப்புக்கொள்ளுங்கள். உண்மையை மதிக்க அவர்கள் கற்பது அந்த ஒப்புதலிலிருந்துதான்.