ஆசிரியர் இல்லாமல் மாண்டலின்: முதற்பாடம் காதுக்கே

ஆந்திர மாநிலத்தின் பாலகொல்லு என்னும் ஊரில் 1969ஆம் ஆண்டு பிறந்த ஸ்ரீநிவாஸ், ஆறு வயதில் தம் தந்தையின் மாண்டலினைக் கையில் எடுத்தார். அவருக்கு இசை கற்பித்த ருத்ரராஜு சுப்பராஜு, செம்பை வைத்தியநாத பாகவதரிடம் பயின்ற வாய்ப்பாட்டுக்காரர். மாண்டலின் வாசிக்கத் தெரியாதவர். ஆகவே குரு பாடுவார்; சிறுவன் அதைக் கேட்டு, அந்த ஒலி தந்தியில் எங்கே இருக்கிறது என்று தானே தேடிக் கண்டு வாசிப்பான். கருவியின் பெயரே அடைமொழியாக அமைந்து, 1998இல் பத்மஸ்ரீ விருதும் பெற்ற அக்கலைஞரின் தொடக்கம் இதுதான்.

இதிலிருந்து இரண்டு செய்திகள் நமக்குப் புலப்படுகின்றன. விரலை எங்கே வைப்பது என்பதை ஒருவர் தாமே கண்டுகொள்ள முடியும் என்பது ஒன்று. எழுந்த ஒலி சரியா, பிழையா என்று சொல்ல ஒரு காது அருகில் இருக்க வேண்டும் என்பது மற்றொன்று. பணி ஓய்வுக்குப் பின்னோ, பணிக்கிடையே கிடைக்கும் மாலை வேளைகளிலோ தாமாகவே மாண்டலின் கற்க முற்படுவோர் பலர் முதலாவதை நம்பித் தொடங்குகின்றனர், இரண்டாவதை மறந்துவிடுகின்றனர். ஆசையோடு வாங்கிய கருவி சில மாதங்களில் பரணுக்குப் போய்விடுகிறது. அவ்வாறு நேராமல் காக்கும் வழிகளை இங்கே காண்போம்.

கருவியை அறிதல்

இன்று நாம் காணும் மாண்டலின், 18ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் வடிவம் பெற்ற கருவியின் வழிவந்தது. எட்டு உலோகத் தந்திகள் இரண்டிரண்டாக நான்கு இணைகளாய் அமைந்திருக்கும். ஓர் இணையின் இரு தந்திகளும் ஒரே சுருதியில் ஒலிக்க வேண்டும். தடித்த தந்தியிலிருந்து தொடங்கினால் அவை முறையே ஜி, டி, ஏ, இ என்று சுருதி சேர்க்கப்படும். மேற்கத்திய வயலினுக்கும் இதுவே முறை.

நம் இசை வழக்கில் சொன்னால், ஒவ்வோர் இணையும் தனக்கு முந்தைய இணையின் பஞ்சமம். ஒன்று ‘ஸ’ என்றால் அடுத்தது ‘ப’. இந்த ஓர் உறவை மனத்தில் பதித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

வீணையில் உள்ளது போலவே மாண்டலினின் கழுத்திலும் மெட்டுகள் உண்டு. ஒவ்வொரு மெட்டும் அரைச் சுரத்தைக் குறிக்கும். பன்னிரண்டாவது மெட்டில் அதே சுரம் மேல் ஸ்தாயியில் ஒலிக்கும்.

தந்திகளைத் தாங்கும் குதிரை, பெரும்பாலான மாண்டலின்களில் ஒட்டப்பட்டிருப்பதில்லை. தந்திகளின் அழுத்தத்தாலேயே நிற்கிறது. எனவே தந்தி மாற்றும்போது எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கழற்றாமல், ஒவ்வொன்றாக மாற்ற வேண்டும். குதிரை இடம் பெயர்ந்திருந்தால், எவ்வளவு கவனமாக வாசித்தாலும் சுரம் பிசகும். இதைச் சோதிப்பது எளிது. கைப்பேசியில் சுருதி காட்டும் செயலியை வைத்துக்கொண்டு, வெறுந்தந்தியைச் சரியாகச் சேர்த்தபின் பன்னிரண்டாவது மெட்டில் அழுத்தி மீட்ட வேண்டும். செயலி அதே எழுத்தைத் துல்லியமாகக் காட்டினால் குதிரை சரியான இடத்தில் இருக்கிறது. சுருதி கூடுதலாக இருந்தால் குதிரையைக் கழுத்திலிருந்து சற்று விலக்கவும், குறைவாக இருந்தால் சற்று நெருக்கவும் வேண்டும். பழைய கருவியை வாங்குவோர் இச்சோதனையைக் கடையிலேயே செய்துவிடுதல் நலம்.

பாடியபின் வாசித்தல்

கருநாடக இசைப் பயிற்சி மாயாமாளவகௌளை இராகத்தில் தொடங்குவது மரபு. இந்த இராகம் மாண்டலினில் வியக்கத்தக்க எளிமையோடு அமைகிறது. ‘டி’ இணையை ஷட்ஜமாகக் கொள்வோம். வெறுந்தந்தி ‘ஸ’, முதல் மெட்டு ‘ரி’, நான்காவது மெட்டு ‘க’, ஐந்தாவது மெட்டு ‘ம’. அடுத்த ‘ஏ’ இணைக்குச் சென்றால் வெறுந்தந்தி ‘ப’, முதல் மெட்டு ‘த’, நான்காவது ‘நி’, ஐந்தாவது மேல் ‘ஸ’. இரண்டு இணைகளிலும் விரல்கள் விழும் இடம் ஒன்றே. ஆள்காட்டி விரல் முதல் மெட்டுக்கும், நடுவிரல் நான்காவதற்கும், மோதிர விரல் ஐந்தாவதற்கும் உரியன. ஐந்து கட்டைச் சுருதியில் பாடுவோர் ‘ஜி’ இணையிலிருந்து தொடங்கினாலும் விரலமைப்பு மாறுவதில்லை.

சரளி வரிசையின் ஒவ்வொரு வரியையும் முதலில் வாய்விட்டுப் பாடிவிட்டுப் பிறகே வாசிக்க வேண்டும் என்பதை விதியாகக் கொள்வோம். குரல் இனிமையாக இருக்க வேண்டும் என்பதில்லை. சுரம் நின்றால் போதும். பாடாமல் வாசிப்பவர் மெட்டு எண்களை மனப்பாடம் செய்கிறார். பாடிவிட்டு வாசிப்பவர் சுரத்தைத் தேடுகிறார். பின்னவருக்கே தாம் செய்த பிழை உடனே தெரியும்.

இரு கைகளின் ஒழுக்கம்

விரலை மெட்டின் மீதே வைக்காமல், தந்தி முறுக்கும் ஆணிகள் உள்ள பக்கமாக, மெட்டை ஒட்டிச் சற்றே பின்தள்ளி வைத்தால் குறைந்த அழுத்தத்திலேயே ஒலி தெளிவாக எழும். ஒலி கரகரத்தால் மேலும் அழுத்துவது தீர்வன்று. விரலின் இடத்தையே முதலில் பார்க்க வேண்டும்.

மீட்டும் பிளெக்ட்ரத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலின் பக்கவாட்டுக்கும் இடையே இறுக்கமின்றிப் பிடித்து, கீழ்நோக்கி ஒன்று, மேல்நோக்கி ஒன்று என்று மாறி மாறி மீட்டிப் பழக வேண்டும். மாண்டலினின் ஒலி விரைவில் அடங்கிவிடும் இயல்புடையது. நீண்ட சுரத்தை நிலைநிறுத்த, மேலும் கீழும் அடுத்தடுத்து விரைவாக மீட்டும் முறை பின்னர்த் தேவைப்படும். அதற்கான அடித்தளம் இந்தச் சீரான மீட்டலே.

விரல் நுனிகள் தொடக்கத்தில் வலிக்கும். தோல் தடிக்கத் தடிக்க அவ்வலி நீங்கிவிடும். மணிக்கட்டிலோ முழங்கையிலோ வலி தோன்றினால் அது வேறு. அப்போது பயிற்சியை நிறுத்தி, கருவியைப் பிடிக்கும் முறையைத் திருத்திக்கொள்ள வேண்டும்.

ஆசிரியரின் காதுக்கு மாற்று

நாள்தோறும் சுருதிப்பெட்டியை ஒலிக்கவிட்டே பயில வேண்டும். தாளத்திற்கு மெட்ரோனோம் செயலியை நிமிடத்திற்கு 60 என்ற நிதான வேகத்தில் வைத்துக்கொள்ளலாம். வாரத்திற்கு ஒரு நாள், அதுவரை பயின்றதைக் கைப்பேசியில் பதிவு செய்து, மறுநாள் கருவியைத் தொடாமல் கேட்க வேண்டும். வாசிக்கும்போது கைகளைக் கவனிக்கும் மனம் பிழைகளைக் கேட்பதில்லை. மறுநாள் கேட்கும்போது அவை தாமாகவே வெளிப்படும். முதல் பதிவு பலருக்கு ஏமாற்றம் தரும். அதை அழித்துவிட வேண்டாம். மூன்று மாதங்களுக்குப் பின் கேட்டால், அடைந்த முன்னேற்றத்திற்கு அதுவே சான்று.

பயிற்சி நேரம் நாளொன்றுக்கு இருபது நிமிடங்கள் ஆனாலும் போதும். இடைவெளி விழாமை முக்கியம். தொடர்வைப்புக் கணக்கில் மாதந்தோறும் தவறாது செலுத்தும் சிறு தொகையின் பயனை நம் வாடிக்கையாளர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஞாயிறு ஒரு நாளில் மூன்று மணிநேரம் வாசிப்பதைவிட, நாள்தோறும் இருபது நிமிடங்கள் வாசிப்பதையே விரலும் செவியும் நன்கு ஏற்றுக்கொள்கின்றன.

தனிமுயற்சியின் எல்லை

கமகம் தானாகக் கற்பதற்கு அரியது. மாண்டலினின் குறுகிய மெட்டுகளும் இறுக்கமான இரட்டைத் தந்திகளும் அதற்கு எளிதில் இடம் கொடுப்பதில்லை. ஸ்ரீநிவாஸ் இரட்டைத் தந்திகளை விடுத்து, ஐந்து ஒற்றைத் தந்திகள் கொண்ட மின்மாண்டலினைக் கையாண்டதை இங்கே நினைவுகூரலாம். வரிசைகளும் எளிய கீதங்களும் கைவந்தபின், கமகத்தைக் காட்டித்தர ஒருவரை நாடுவதே முறை.

அந்த ஒருவர் மாண்டலின் கலைஞராகவே இருக்க வேண்டும் என்பதில்லை. வாய்ப்பாட்டு ஆசிரியர்கள் பல ஊர்களில் உள்ளனர். மாதம் ஒரு முறை அவர்முன் அமர்ந்து, அவர் பாடுவதைக் கேட்டு, அதை நம் தந்திகளில் தேடி வாசித்துக் காட்டலாம். பாலகொல்லுச் சிறுவனுக்குக் கிடைத்த ஆசிரியரும் அத்தகையவரே. மாண்டலின் ஆசிரியர் அருகில் இல்லை என்பதால் இசை ஆசிரியரே இல்லை என்றாகிவிடாது.