பாக் பிறப்பதற்கு 100 ஆண்டுகள் முன்பே ஒரு மகா கலைஞர்! தெரியுமா?

ஜெர்மன் தேவாலய இசை என்றதும் எல்லோரும் பாக் பெயரைத்தான் சொல்வார்கள். அவர் பிறந்தது 1685. ஆனால் 1585-இலேயே கோஸ்ட்ரிட்ஸ் என்ற சிற்றூரில் பிறந்து, ஜெர்மன் மொழியின் வேத வசனங்களைச் சேர்ந்திசையில் ஒலிக்க வைத்த ஹைன்ரிஷ் ஷூட்ஸைத் தெரியுமா?

அவருடைய அப்பா சத்திரம் நடத்தியவர். 1598-இல் அங்கே தங்க வந்த ஹெஸ்ஸே-காஸல் சிற்றரசர் மோரிட்ஸ், சிறுவனின் குரலைக் கேட்டு அசந்துபோனார். தன் அரண்மனைக்கே வரவழைத்துக்கொண்டார்! பிறகு சட்டம் படித்துக்கொண்டிருந்தவரை வெனிஸுக்கு அனுப்பியவரும் அவரே. அங்கே குரு, ஜொவான்னி கேப்ரியேலி. 1612-இல் மரணப்படுக்கையில் அவர் தன் மோதிரம் ஒன்றைச் சீடனுக்குக் கொடுக்கச் சொன்னார் என்றால், பாசம் எப்படிப்பட்டது பாருங்கள்!

அதன்பின் வந்தது முப்பதாண்டுப் போர். பாடகர்கள் குறைந்தார்கள், பணமும் இல்லை. ஷூட்ஸ் என்ன செய்தார் தெரியுமா? ஒன்று முதல் ஐந்து பேர் பாடினால் போதும், துணைக்கு ஒரு ஆர்கன் இருந்தால் போதும் என்று சின்னச் சின்னப் பாடல்களாக எழுதிக் குவித்தார்!

இதைக் கேளுங்கள், எனக்குச் சிலிர்க்கிறது. கேரா நகரை ஆண்ட ஹைன்ரிஷ் போஸ்துமுஸ் ராய்ஸ், உயிரோடிருக்கும்போதே தன் சவப்பெட்டியைச் செய்து, அதில் வேத வசனங்களைப் பொறிக்கவும் வைத்திருந்தார். 1636-இல் அவரை அடக்கம் செய்தபோது ஒலித்தது ஷூட்ஸின் ‘முஸிகாலிஷே எக்ஸேக்வியன்’. பெட்டியில் இருந்த அதே வசனங்கள் பாட்டாயின! கடைசிப் பகுதியில் பிரதான குழு ஒரு பக்கம் பாட, இரண்டு தேவதூதர்களும் மீட்கப்பட்ட ஆன்மாவுமாக மூன்று குரல்கள் தூரத்திலிருந்து பதில் பாடுகின்றன. ஒரு மனிதர் போவதையும், மறுகரையில் அவரை வரவேற்பதையும் ஒரே நேரத்தில் கேட்கிறோம்! ஜெர்மன் மொழி இரங்கல் இசையில் இதற்கு இணையாக நான் வைப்பது மிகச் சிலவே.

போர் முடிந்த 1648-இல் ‘கைஸ்ட்லிஷே கோர்மூஸிக்’ என்ற 29 பாடல்களின் தொகுப்பு. லைப்சிக் நகருக்கும் அதன் தோமாஸ் பாடகர் குழுவுக்கும் அதை அர்ப்பணித்தார். 1723-இல் பாக் பொறுப்பேற்றது அதே குழுவைத்தான்!

80 வயதை ஒட்டி ஷூட்ஸ் எழுதிய இயேசுவின் பாடுகளின் வரலாறுகளில் ஒரு வாத்தியம்கூட இல்லை, வெறும் குரல்கள்தான். அதோடும் ஓயவில்லை. சாவுக்கு முந்தைய ஆண்டு, 1671-இல், 119-ஆம் சங்கீதத்தின் 176 வசனங்களையும் ஒன்று விடாமல் எட்டுக் குரல்களுக்கு இசையமைத்து முடித்தார்!