ஏழு மலை மாட்டுக்கஞ்சியும் ஒரு ஏக்கர் நெல்லும்

மாட்டுக்கஞ்சி என்ற தலைப்பைப் பார்த்ததும் சிலர் பக்கத்தைப் புரட்டப் பார்ப்பீங்க. கொஞ்சம் பொறுங்க. சாப்பிடுவதும் சாப்பிடாததும் அவரவர் விருப்பம். நான் சொல்ல வந்தது அந்தக் கஞ்சிக்குள்ளே இருக்கிற உழவைப் பற்றி. ஒரு ஊரின் சாப்பாட்டைத் தேடி வெளியூர்க்காரர்கள் வருகிறார்கள் என்றால், அவர்கள் கொடுக்கும் காசு வயல் வரைக்கும் வருமா, இல்லை கடை வாசலோடு நின்றுவிடுமா? இயற்கை விவசாயத்தோடு பண்ணைச் சுற்றுலா, பாரம்பரிய உணவகம் என்று நம்மில் பலர் யோசிக்கிற நேரம் இது. அதனால் இந்தக் கேள்வியை இப்போதே கேட்டுவிடுவது நல்லது. வியட்நாமின் தென்மேற்கு மூலையில் இருக்கிற ஒரு சின்ன ஊர் இதற்கு நல்ல பாடம்.

பனையும் குன்றும் உள்ள ஊர்

மேகாங் ஆறு காம்போடியாவைத் தாண்டி வியட்நாமுக்குள் நுழையும் பகுதியில் இருக்கிறது ஆன் யாங் மாகாணம். ஆற்றுப்படுகை என்றாலே தட்டையான நிலம்தான். இங்கே மட்டும் அந்தச் சமவெளிக்கு நடுவே குன்றுகள் எழுந்து நிற்கின்றன. உள்ளூரில் அந்தப் பகுதிக்குப் பெயர் ‘பை நூய்’. தமிழில் சொன்னால் ‘ஏழு மலை’! அதில் உயரமான காம் மலை 700 மீட்டருக்குச் சற்று அதிகம். இந்தக் குன்றுகளின் அடிவாரத்தில் இருக்கும் ஊர்தான் திரி தோன்.

இங்கே கெமர் மக்கள் அதிகம். காம்போடியாவில் பேசும் அதே மொழி, அதே தேரவாத பௌத்தம். வியட்நாமியர், சீன வம்சாவளியினர், சாம் முஸ்லிம்கள் எல்லோரும் இந்த மாகாணத்தில் கலந்து வாழ்கிறார்கள். வயல் வரப்பெல்லாம் பனை மரம். ஏதோ அதன் தூரத்துச் சொந்தம் என்று நினைக்காதீங்க, நம்ம பனையேதான். ‘தோட் நோட்’ என்று அதைச் சொல்கிறார்கள். பதநீர் இறக்குகிறார்கள், நுங்கு வெட்டுகிறார்கள், கருப்பட்டி காய்ச்சுகிறார்கள். திரி தோன் படங்களைப் பார்க்கும்போது திருச்செந்தூர்ப் பக்கம் போகிற மாதிரியே எனக்கு இருக்கும்.

கஞ்சி எப்படி இருக்கும்?

வியட்நாமிய மொழியில் ‘சாவ்’ என்றால் கஞ்சி, ‘போ’ என்றால் மாடு. ‘சாவ் போ’ நாடு முழுக்க உண்டு. ஆனால் திரி தோன் சாவ் போ தனி. மாட்டெலும்பை நேரம் எடுத்துக் கொதிக்கவிட்டுச் சாறு இறக்குகிறார்கள். அதில் அரிசியைப் போட்டு நீர்க்க வேகவைக்கிறார்கள். கறித்துண்டோடு குடல், ஈரல் போன்ற உள்ளுறுப்புகளும் சேரும். மேலே பச்சை இலைகள், முளைகட்டிய பயறு, மிளகாய். கடைசியாக ‘சுக்’ என்ற ஒரு வகை எலுமிச்சையின் சாறும், அதன் இலையைப் பொடியாக நறுக்கியதும். தோல் கரடுமுரடாக, இலை இரட்டை இரட்டையாக ஒட்டினாற்போல இருக்கும் மரம் அது. தாய்லாந்து குழம்புகளில் மணப்பதும் அதே இலைதான். ஏழு மலைப் பகுதியில் அது வீட்டுக்கொல்லை மரம். அந்த வாசனைதான் இந்தக் கஞ்சியின் ஊர் முத்திரை.

இது சிக்கனத்தில் பிறந்த சாப்பாடு என்பது பார்த்தாலே தெரியும். நல்ல கறி விலைக்குப் போய்விடும். மிச்சமான எலும்பையும் குடலையும் வைத்து, ஒரு பிடி அரிசியில் பல பேர் வயிற்றை நிரப்புவது. நம்ம ஊரிலும் கஞ்சி அப்படித்தானே வந்தது? ஆங்கிலேயர் இந்த வகை உணவுக்கெல்லாம் ‘கான்ஜீ’ என்று சொல்வது நம்ம கஞ்சி என்ற சொல்லைத்தான். போர்த்துகீசியர் வாய்வழியாக உலகம் சுற்றிய சொல் அது.

அந்த அரிசி எங்கே போனது?

ஏழு மலையின் அடிவாரச் சரிவுகளில் கெமர் உழவர்கள் ‘நாங் ஞென்’ என்ற வாசனை நெல்லைப் பயிரிட்டு வந்தார்கள். மழையை நம்பிய நெல், வருஷத்துக்கு ஒரே போகம். குன்றுக்குக் கீழே வெள்ளம் நிற்கும் தாழ்ந்த நிலத்தில் மிதவை நெல். தண்ணீர் ஏற ஏற அந்தப் பயிரும் கூடவே வளர்ந்து, ஆள் உயரத்துக்கு மேல் வெள்ளம் நின்றாலும் கதிரை மேலே நிறுத்திவிடும். பூச்சிமருந்து கேட்காது. அறுப்பு முடிந்ததும் அந்த நீண்ட வைக்கோலை மூடாக்காகப் போட்டு அடுத்து காய்கறி, மரவள்ளி போடுவார்கள். நம்ம காட்டுயானம், மடுமுழுங்கி பயிரிடுகிறவர்களுக்கு இதன் அருமை சொல்லாமலே புரியும்.

இப்போது இந்த இரண்டும் சுருங்கிப்போச்சு. 1970களின் கடைசியில் புகையான் தாக்கி ஆற்றுப்படுகை முழுக்க நெல் அழிந்தது. அப்போது கான் தோ பல்கலைக்கழகப் பேராசிரியர் வோ தோங் சுவான், வகுப்புகளை நிறுத்திவிட்டு மாணவர்கள் கையில் ஐ.ஆர்.36 விதையைக் கொடுத்து ஊர் ஊராக அனுப்பினார். பசி நேரத்தில் அது பெரிய காரியம், அதைக் குறைத்துப் பேசக் கூடாது. ஆனால் அதற்குப் பிறகு குறுகிய நாள் ரகம், உயரமான கரை, வருஷத்துக்கு மூன்று போகம் என்று பாதை மாறியது. வெள்ளத்தைக் கரை கட்டித் தடுத்ததும் வண்டல் வயலுக்கு வருவது நின்றது. வண்டல் நின்ற இடத்தில் உர மூட்டை வந்தது. ஆன் யாங் மாகாணத்திலேயே பிறகு ‘ஒன்று கட்டாயம், ஐந்து குறைப்பு’ என்ற இயக்கம் கிளம்பியது. சான்று பெற்ற விதை கட்டாயம். விதை அளவு, உரம், பூச்சிக்கொல்லி, தண்ணீர், அறுவடை இழப்பு ஐந்தையும் குறை என்பது அதன் பொருள். அதிகமாகிவிட்டது என்று உணர்ந்ததால்தானே குறைக்கச் சொன்னார்கள்?

மிதவை நெல் இன்று திரி தோன் பகுதியில் வின் ஃபுவோக் என்ற கிராமத்தை ஒட்டிய நிலங்களில் பாதுகாப்புப் பயிர் போல நிற்கிறது. ஆன் யாங் பல்கலைக்கழகத்தார் உழவர்களோடு சேர்ந்து அதைக் காப்பாற்றப் பாடுபட்டார்கள்.

மாட்டின் நிலைமை

உழவு இயந்திரம் வந்த பிறகு அங்கேயும் ஏர்மாட்டுக்கு வேலை குறைந்தது. மாட்டைக் கட்டி வைக்கக் காரணமாக மிஞ்சியவை சாணம், கறி, பந்தயம். கெமர் மக்கள் முன்னோருக்குப் படையல் வைக்கும் ‘சென் டோல்டா’ விழா பெரும்பாலும் நம்ம மகாளய அமாவாசையை ஒட்டி வரும். அப்போது ஏழு மலை மாட்டுப் பந்தயம் நடக்கும். சேறடித்த வயலில் இரட்டை மாடு பரம்புப்பலகையை இழுத்துக்கொண்டு ஓடும், ஆள் அதன்மேல் நிற்பார். புத்தர் கோயில் நிலத்தைக் கூலி வாங்காமல் உழுது கொடுக்கப் பல ஊர் ஏர்கள் கூடியபோது, யார் மாடு வேகம் என்று போட்டி போட்டதில் பிறந்த வழக்கம் இது என்கிறார்கள். 2016இல் வியட்நாம் அரசு இதைத் தேசியப் பண்பாட்டு மரபாக அறிவித்தது.

இன்னொரு பக்கம், கஞ்சிக்கு வரும் மாடெல்லாம் உள்ளூர் மாடுதான் என்று சொல்ல முடியாது. எல்லை பக்கத்திலேயே இருப்பதால் காம்போடிய மாடுகள் அங்குள்ள சந்தைகளுக்கு வந்து விற்பனையாவது பழைய வழக்கம். நாட்டளவில் பார்த்தால், இந்தியாவிலிருந்து எருமைக்கறியை அதிகம் வாங்கிய நாடுகளில் வியட்நாமும் ஒன்று. நகரத்தில் ‘திரி தோன் கஞ்சி’ என்று பலகை மாட்டிய கடையில் உண்மையில் திரி தோன் எவ்வளவு இருக்கும் என்று நீங்களே யோசிச்சுப் பாருங்க.

வருகிறவர்கள் யார்?

பக்கத்து நகரமான சாவ் தோக்கில் சாம் மலை அடிவாரத்தில் ஒரு அம்மன் கோயில் இருக்கிறது. ‘பா சுவா சூ’, அதாவது அந்த மண்ணின் தாய். நாடு முழுக்க இருந்து லட்சக்கணக்கில் ஜனம் வருகிறது. 2024 டிசம்பரில் அந்தத் திருவிழாவை யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. கோயிலுக்கு வந்தவர்கள் அப்படியே திரா சூ சதுப்புக்காடு, காம் மலை, திரி தோன் என்று சுற்றுகிறார்கள். வியட்நாமியருக்கு ஊருக்கு ஊர் ‘சிறப்புப் பண்டம்’ தேடிச் சாப்பிடுவதும், திரும்பும்போது வீட்டுக்கும் அக்கம்பக்கத்துக்கும் வாங்கிப் போவதும் பிரியம். இங்கே வந்தால் காலையில் மாட்டுக்கஞ்சி, வெயிலுக்குப் பதநீர், கைக்குக் கருப்பட்டி. சாவ் தோக் பக்கம் சாம் முஸ்லிம்கள் சோறு சேர்த்துப் புளிக்கவைத்துச் செய்யும் மாட்டுக்கறிக் குழல் ‘தூங் லோ மோ’வும் உண்டு.

அரசும் கைகொடுக்கிறது. ‘ஒரு ஊர் ஒரு பொருள்’ என்ற திட்டம் ஜப்பானின் ஓய்த்தா மாநிலத்தில் 1979இல் தொடங்கியது. அதைப் பார்த்து வியட்நாம் 2018 முதல் நாடு முழுக்க நடத்துகிறது. ஊர்ப் பொருட்களை ஆய்வு செய்து நட்சத்திரத் தரம் கொடுக்கிறார்கள்.

ஆனால் கூட்டம் கூடினால் கலப்படமும் கூடவே வரும். ஒரு கிலோ கருப்பட்டிக்கு ஏழெட்டு லிட்டர் பதநீர் வேண்டும். மரம் ஏறுகிற ஆள் குறைகிறார், இளைஞர்கள் தொழிற்சாலை வேலைக்கு நகரம் போகிறார்கள். வாங்குகிறவரோ விலை குறைவாகக் கேட்கிறார். அப்போது வெள்ளைச் சர்க்கரை பாகில் இறங்கிவிடுகிறது. இது அங்கே மட்டுமா? நம்ம கருப்பட்டிக் கதையும் இதேதான். ‘பனை வச்சவன் பார்த்துட்டுச் சாவான்’ என்பார்கள். பல வருஷம் காத்திருந்து பலன் தரும் மரத்தை, கலப்படக்காரன் ஒரு கிலோ சர்க்கரையில் தோற்கடிக்கிறான்.

ஒரு கிண்ணத்துக்குள் கணக்கு

இனி நம்ம ஊர் விலையில் ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். வீட்டில் கஞ்சி காய்ச்சும்போது தராசில் வைத்துப் பார்த்தேன். ஒரு பெரிய கிண்ணம் நீர்த்த கஞ்சிக்கு அரிசி 60 கிராம் போதும். சாதா அரிசி கிலோ 50 ரூபாய் என்றால் கிண்ணத்துக்கு 3 ரூபாய். பாரம்பரிய அரிசி கிலோ 100 ரூபாய் என்றால் கிண்ணத்துக்கு 6 ரூபாய். வித்தியாசம் வெறும் 3 ரூபாய்! கஞ்சி விற்கும் விலையில் அது கண்ணுக்கே தெரியாது. ஆனால் விதைத்தவனுக்கு அது இரண்டு மடங்கு விலை.

இன்னும் ஒரு படி போங்க. இயற்கை முறையில் பாரம்பரிய நெல் ஏக்கருக்கு 1,000 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அரைத்தால் சுமார் 600 கிலோ அரிசி. 60 கிராம் வீதம் 10,000 கிண்ணம். ஒரு சின்னக் கடை நாளைக்கு 30 கிண்ணம் விற்றால் ஒரு ஏக்கர் விளைச்சல் 333 நாளில் தீர்ந்துவிடும். அதாவது, ஒரு கஞ்சிக்கடை ஒரு ஏக்கர் பாரம்பரிய நெல்லை வருஷம் முழுக்கத் தாங்கும். பத்துக் கடை இருந்தால் பத்து ஏக்கர். அழிகிற ஒரு ரகம் விதைக்காவது மிஞ்ச அது போதும்.

சோறு விற்கும் கடைக்கு அரிசி பெரிய செலவு, அதனால் விலை பார்ப்பார்கள். கஞ்சிக்கடைக்கு அரிசிதான் இருப்பதிலேயே சின்னச் செலவு. திரி தோனிலும் இதே கணக்குதான். எலும்புக்கும் கறிக்கும் முன்னால் அரிசி விலை எம்மாத்திரம்? நாங் ஞெனையோ மிதவை நெல்லையோ கஞ்சிப் பானையில் போட்டால் கடைக்காரருக்கு நஷ்டம் வராது. போடவைக்க வேண்டியது, ‘இது எந்த அரிசி?’ என்று சாப்பிடுகிறவர் கேட்கிற ஒரு கேள்வி. நாக்கு முதலில் பிடிப்பது சுக் இலை வாசனையை. அரிசியைப் பற்றி யாராவது சொன்னால்தான் தெரியும்.

நாம் கவனிக்க வேண்டியது

உணவுத் திருவிழா, பண்ணைச் சுற்றுலா, பாரம்பரியக் கஞ்சிக்கடை என்று இறங்குகிற நண்பர்களுக்கு என் யோசனை இவ்வளவுதான்.

கடைப் பலகையில் ஊர்ப்பெயர் எழுதினால், பக்கத்திலேயே அரிசி ரகத்தின் பெயரையும் எந்த ஊர் வயல் என்பதையும் எழுதுங்க. பெயர் இல்லாத பொருளுக்குத் தனி விலை கிடைக்காது.

கடைக்காரரோடு மூட்டைக் கணக்கில் பேசாமல் கிண்ணக் கணக்கில் பேசுங்க. ‘மூட்டைக்கு இவ்வளவு அதிகம்’ என்றால் பயப்படுவார். ‘கிண்ணத்துக்கு மூணு ரூபாய்’ என்றால் யோசிப்பார். விதைப்புக்கு முன்னாலேயே, வருஷத்துக்கு எத்தனை கிலோ என்று பேசி முடிச்சிடுங்க.

எவ்வளவு விளையுமோ அவ்வளவே விற்போம் என்று உறுதியாக இருங்க. தீர்ந்துபோனால் ‘தீர்ந்துபோச்சு, அடுத்த அறுப்புக்கு வாங்க’ என்று சொல்லலாம். அந்த இடத்தில் வெளி அரிசியைக் கலந்தால், கருப்பட்டியில் சர்க்கரை இறங்கிய கதைதான்.

கொல்லையில் ஒரு வாசனை மரம் இருந்தால் வெட்டாதீங்க. நார்த்தையோ கிடாரங்காயோ கறிவேப்பிலையோ, உங்க ஊர்க் கஞ்சிக்கு அடையாளம் அதுவாகக்கூட இருக்கலாம். ஏழு மலைக்காரர்களுக்கு அந்த அடையாளத்தைக் கொடுத்தது கொல்லையில் நின்ற ஒரு எலுமிச்சை மரம்தான்.